மூன்றாம் படி

நரம்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.
மார்த்தாண்டத்தில் பிசியோ பார்க்கிற ஜிஷா திருத்தினாள்:
"நரம்பில்ல அக்கா, தசைநாண்.
வில்லுல கட்டுற நாண் இல்லியா, அதுபோல."
றோமால்ட் குப்புறப் படுத்துக் கிடந்தான்.
முப்பத்தொன்பது வயதில்
தூத்தூர் மைதானத்தில் பந்து விரட்டப் போனவன்.
யாரோ பின்னாலிருந்து குதிகாலில் உதைத்த மாதிரி இருந்ததாம்.
திரும்பிப் பார்த்தால்
ஆளே இல்லையாம்.

பாதி கிழிசல்.
ஆறு மாசம் தங்கலுக்குப் போகக்கூடாது.

ஓமானிலிருந்து தம்பி ஒரு டின் கொடுத்துவிட்டான்.
கொலாஜன். ஆரஞ்சு வாசனை.
பின்பக்கத்துப் பொடி எழுத்தை மகள் வாசித்தாள்:
மீன்தோலில் இருந்து எடுத்தது.
கையிலிருந்த சூரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.
காலையில் நான் உரித்தெறிந்த தோலை
அடுக்களை வாசலில் பூனை தின்றுகொண்டிருந்தது.
அது நொண்டி நான் பார்த்ததில்லை.

"இது கேக்குமா?"
"செலருக்குக் கொஞ்சம் தொணை நிக்கும்.
உறுதியாச் சொல்ல மாட்டேன் அக்கா.
படிதான் உறுதி."
படி விளிம்பில் முன்பாதம்.
குதிகாலைக் கீழே இறக்க வேண்டும், பைய.
எவ்வளவு பைய?
"நங்கூரக் கயிற
அண்ணன் கை எரியாம விடுவாரில்லியா,
அவ்வளவு."

எங்கள் வீட்டுக்குப் படி கிடையாது.
குருசடிக்கு மூன்று உண்டு.
விடியுமுன் அதில் ஏறி நின்று
பதினைந்து, மூச்சு, பதினைந்து, மூச்சு, பதினைந்து.
முதல் பூசைக்குப் போகிற பெண்கள்
நேர்ச்சை என்று நினைத்தார்கள்.
ஒருத்தி அவன் காலடியில்
மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள்.
அவன் திருத்தவில்லை.

இரண்டாவது டின் வரவில்லை.
தம்பிக்கு வேலை போயிருந்தது.
கருங்கல் மருந்துக்கடையில் விலை கேட்டேன்,
சந்தையில் பத்து நாள் நான் மீன் விற்கிற காசு.
பழைய டின்னில்
பத்து ரூபாய் ஜூஸ் பொடியைக் கொட்டி
மூடியைத் திருகினேன்.
தினம் ஒரு கரண்டி.
"இந்தத் தடவ இனிப்பு கூடுதல்" என்றான்,
என் முகத்தைப் பாராமல்.
டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு
படிக்குக் கிளம்பினான்.

நேற்று ஈரமணலில் வள்ளம் வரை நடந்தான்.
ஓடவில்லை. நொண்டவும் இல்லை.
கால்தடம் இரண்டும் ஒரே ஆழமா என்று
பின்னால் போய்ப் பார்த்தேன்.
அலை வந்துவிட்டது.

இன்று காலை குருசடியில்
அவனுக்கு இடமும் வலமும் இரண்டு பேர்,
முழங்கால்வலிக்காரர்கள்,
எதற்கென்று கேட்காமலே
ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.
மெழுகுதிரி மூன்று.