பழைய சளி

சஹம் வெள்ளிச் சந்தையில்
ஒன்று மூன்று ரியால் என்றான் தொஃபாசல்.
மூன்றையும் எட்டுக்கு முடித்தேன்.
ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியில் துளையிட்டு
வேனின் முன்சீட்டில் ஏற்றினேன்.
வழியெல்லாம் சத்தமே இல்லை.
ஒவ்வொரு ரவுண்டானாவிலும்
மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

வீட்டின் பின்னால் ஏற்கெனவே ஆறு உண்டு.
செத்துப்போன அவுட்டோர் யூனிட்டுகளைப் பிரித்து
அந்தக் கம்பிவலையில் நான் கட்டிய கூடு.
ஏசிக் குழாய் சொட்டும் இடத்தில்
மண்ணைப் பறித்துக் குழியாக்கி
வயிறு பதியப் படுத்திருக்கும்.
குழியில் யாருக்கு எந்த மூலை என்பதில்
ஒரு தகராறும் கிடையாது.

"ஒரு மாசம் தள்ளி வை" என்றான் மத்தியாஸ்.
"நம்மையே அப்படித்தான உள்ள விட்டான்?
ரத்தம் எடுத்து, நெஞ்சைப் படம் எடுத்து."

தள்ளித்தான் வைத்தேன்.
தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்,
தனித் தட்டு, தனி வாளி.
தீனி முதலில் பழையவற்றுக்கு,
கடைசியில் புதியவற்றுக்கு,
அதன் பிறகுதான் கைகழுவல்.
பதினோரு நாள் தவறவில்லை.

பன்னிரண்டாம் நாள் புள்ளிக்காரி தும்மினாள்.
கண்ணோரத்தில் சோப்பு நுரைபோல் ஒரு குமிழ்.
ராத்திரி மூன்றுக்கும் மூச்சு
கேஸ் குறைந்த கம்ப்ரசர் மாதிரி இழுத்தது.
டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு
தொஃபாசலை, அவன் அப்பனை,
எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் திட்டினேன்.
"சந்தைச் சரக்கு" என்றான் மத்தியாஸ்.
"சீக்கைக் கொண்டு வந்துட்டுதுக."

ஸோஹார் கால்நடை ஆஸ்பத்திரியில்
சூடான்காரி டாக்டர் நஜ்லா
"பழசிலும் ஒன்றைக் கொண்டு வா" என்றாள்.
எதற்கென்று புரியாமல்
இருப்பதில் கொழுத்த கொண்டைக்காரியைத் தூக்கிப் போனேன்.
இரண்டின் இறக்கையிலும் ஊசி குத்தினாள்.
பிறகு கேட்டாள்:
"இவை எப்போதாவது தும்மினவா?"

போன வருஷத்துக்கு முந்தின குளிரில், ஒரு வாரம்.
மருந்தே இல்லாமல் தேறிவிட்டன என்று
பெருமையாகச் சொன்னேன்.

"தேறிவிட்டன, சரி.
அது போகவில்லை.
பழசின் ரத்தத்தில் பழைய தடம்.
புதுசின் ரத்தத்தில் இன்னும் ஒன்றுமே ஏறவில்லை.
தீனி யாருக்கு முதலில் வைத்தாய்?"

நான் என் கையைப் பார்த்தேன்.

மஞ்சள் பொடி, தண்ணீரில், ஐந்து நாள்.
முட்டை சாப்பிடக் கூடாது.
மத்தியாஸ் வெறும் குப்ஸை டீயில் முக்கித் தின்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு செத்தன.
நாய் தோண்டாத ஆழத்துக்கு
சமுர் மரத்தடியில் குழி வெட்டினேன்.
மேலே ஒரு கம்ப்ரசர் மூடி.

புள்ளிக்காரி பிழைத்தாள்,
ஒரு கண் கொஞ்சம் சின்னதாக.
நஜ்லா போனில் சொன்னாள்:
"இனி வித்தியாசம் இல்லை, ஒன்றாக விடு.
ஆனால் அந்தக் கூட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது.
யாருக்கும் சும்மாகூடக் கொடுக்காதே.
புதிதாய் எதையும் சேர்க்காதே."

அடுத்த வெள்ளி தொஃபாசல் கையாட்டிக் கேட்டான்,
"முர்கி நல்லா இருக்கா, பாய்?"
இருக்கு என்றேன்.
ஒரு மூட்டை சோளம் வாங்கினேன்,
அவன் சொன்ன விலைக்கே.
அவன்தான் ஆச்சரியப்பட்டு
இருநூறு பைசா திருப்பிக் கொடுத்தான்.

சொட்டு விழும் குழியில்
புள்ளிக்காரிக்கு இன்னும் மூலை கிடைக்கவில்லை.
கொண்டைக்காரி எழுந்து தீனிக்குப் போகும் நேரம் பார்த்து
அந்த ஈரத்தில் ஓடிப்போய் உட்காருகிறாள்.
கொத்து வாங்கி எழுகிறாள்.
மறுபடி உட்காருகிறாள்.

நேற்று ராத்திரி கூட்டிலிருந்து ஒரு தும்மல்.
கட்டிலில் புரண்ட மத்தியாஸ்
"எது?" என்று கேட்டான்.
தெரியல என்றேன்.