அவரை எப்படித் தெரியும்

கெண்ட் நகரில், கால்வாயை ஒட்டிய ஒரு வீட்டில்
மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம்.
நுழைந்ததும் செல்பேசியைப்
பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும்.
அப்புறம் மற்றவை, ஒவ்வொன்றாக.
என்ன மற்றவை என்று கேட்காதீர்கள்.
கேட்காதவர்கள்தான் அங்கே வர முடியும்.

உள்ளே குடும்பப்பெயர் கிடையாது.
வெளியே அறிமுகமே கிடையாது.
மீன்கடை வரிசையில் எதிர்ப்பட்டால்
முதலில் கையைப் பார்:
அது ஒரு குழந்தையின் கையைப் பிடித்திருந்தால்
நீ இறாலைத்தான் பார்க்கிறாய்.
அவர்களாகச் சிரித்தால் சிரி,
எதிர்வீட்டுக்காரருக்குச் சிரிக்கிற அளவு.
இதை யாரும் எழுதி ஒட்டவில்லை.

ஒருமுறை பல் டாக்டரிடம்
வாயைத் திறந்து படுத்திருந்தேன்.
முகக்கவசத்துக்கு மேலே
எனக்குத் தெரிந்த இரண்டு கண்கள்.
மார்பில் பெயர்ப்பட்டை.
படித்துவிடக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டேன்.
"வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்" என்றாள்,
எல்லோரிடமும் சொல்கிற குரலில்.
தூக்கவில்லை.
வலித்தது.

போன மார்ச்சில் வான்னெஸ் இறந்துபோனான்.
நாளிதழில் அவன் பெயர்
யோஹானெஸ் லம்பெர்டுஸ் என்று தொடங்கி
இரண்டு வரி ஓடியது.
நீர்வாரியத்தில் கணக்கர் என்பதும் அன்றுதான் தெரியும்.
பூ வளையத்தில் என்ன எழுதுவதென்று
மூன்று நாள் பேசினோம்.
'நண்பர்கள்' என்றால் போதும் என்று முடிந்தது.
அதுவும் கொஞ்சம் அதிகம் என்றார் ஒருவர்.

தேவாலயத்தில் நாங்கள் ஆறு பேர்,
ஆறு பெஞ்சுகளில்.
எந்தத் தலையும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.
அவன் விலாவின் மச்சம் வரை அறிந்தவர்கள்
முகவரி தப்பி வந்தவர்கள் மாதிரி
பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தோம்.

பிறகு காப்பியும் ஹாம் வைத்த ரொட்டியும்.
அவன் அக்கா கோடலீவ
ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வந்தாள்:
"என் தம்பியை எப்படித் தெரியும்?"
தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ
"சதுரங்கம்" என்றது கேட்டது.
பல் டாக்டர், "தேனீ வளர்ப்பு வகுப்பு."
ஏன் தேனீ என்று அவளுக்கே தெரிந்திருக்காது.
என் முறை வந்ததும்
"நீச்சல்" என்றேன்.

அக்கா குவளையைக் கீழே வைத்தாள்.
"தண்ணீரைக் கண்டாலே நடுங்குவானே.
ஐந்து வயதில் இந்தக் கால்வாயில் விழுந்தவன்."
சனிக்கிழமைகளில் அவன் ஏன்
சுவரை உரசிக்கொண்டே நடந்து வருவான் என்று
அப்போது புரிந்தது.
என் காது சூடேறிவிட்டது.
அவள் என்னையே பார்த்தாள், ரொம்ப நேரம்.
அப்புறம் தட்டை என் பக்கம் தள்ளினாள்.
"யாரும் வரமாட்டார்கள் என்று
இருபது ரொட்டிதான் சொல்லியிருந்தேன்.
நல்லவேளை,
நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறான்."

வெளியே மழை.
டிராம் நிறுத்தத்தில் ஆறு பேரும்
ஆறு திசை பார்த்து நின்றோம்.
நான் குடை எடுத்து வரவில்லை.
கொஞ்ச நேரத்தில்
என் மேல் நனைவது நின்றிருந்தது.
மழை நிற்கவில்லை.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.