மூன்றாம் மெட்டு

வூச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்,
விடிகாலை நாலரை வண்டி.
பெயர் வியெஸ்வாவா. டெப்போவில் வியெஷா.
நாற்பத்து நாலு வயதில் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினேன்
சலவை இயந்திரத்துக்குச் சேர்த்த பணத்தில்.
துணிகளை இன்னும் கையால்தான் துவைக்கிறேன்.

முதல் மாதம் விரல் நுனியெல்லாம் கொப்புளம்.
கதவுப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சுரீர் என்றது.
பிறகு காய்ப்பு ஏறியது.
மார்ச் மாதத்து இரவொன்றில்
ஃப்ரிட்ஜ் ஒரே சுரத்தில் முனகுவது காதில் விழுந்தது:
மெல்லிய தந்தியைச் சும்மா மீட்டினால் வருகிற அதே சுரம்,
மயிரிழை ஏற்றம்.
அன்றிலிருந்து என் சுருதிப்பெட்டிக்குள்
அரை லிட்டர் பாலும் ஊறவைத்த முட்டைகோசும் இருக்கின்றன.

பழுதுபார்க்கும் பிரிவில் மூன்று பேர் முன்பே கூடி வாசித்தார்கள்.
டிரம்ஸுக்கு டிமோன், கிட்டாருக்கு லெஷெக், பாட பொக்னா.
பேஸுக்கு ஆள் கிடைக்காததால்
என்னைக் கூப்பிட்டார்கள்.
பந்தியில் தூணுக்குப் பின்னால் போட்ட இலை அது;
யாரும் ஆசைப்பட்டு உட்காருவதில்லை.
நான் உட்கார்ந்தேன்.

முதல் ஒத்திகையில் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன்.
ஏறினேன், இறங்கினேன், பொக்னாவின் வரிகளுக்கு நடுவிலும் புகுந்து ஓடினேன்.
டிமோன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கேட்டான்:
"எந்த நிறுத்தத்திலும் நிற்கவே மாட்டாயா?"

டிராம் ஓட்டுகிறவளுக்கு
இதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

அதன்பின் இரவுகளில் ஒரே சுரம், நாற்பது நிமிடம்.
அது எங்கே தொடங்க வேண்டும் என்பது பிடிபட ஒரு வாரம்.
எங்கே முடிய வேண்டும் என்பது
இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.
விரலை எடுப்பதும் வாசிப்புதான்.
அதைப் பிரேக்கிலிருந்து தெரிந்துகொண்டேன்:
நின்றுகொண்டிருப்பவரின் கையில் உள்ள காபி
அலுங்காமல் நின்றால்தான் அது நிறுத்தம்.

நவம்பரில் தொழிற்சங்க மன்றத்தில் எங்கள் முதல் மாலை.
ஐம்பது நாற்காலி, முப்பத்தொரு ஆள்.
பதிவை ஷ்செச்சினில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன்.
பேருந்தில் வைத்து ஃபோனிலேயே கேட்டிருக்கிறான்.
"அருமை. ஆமாம், நீ அன்றைக்குப் போகவில்லையா?"

நானும் ஃபோனில் போட்டுப் பார்த்தேன்.
டிரம்ஸ் இருந்தது. லெஷெக் செய்த தப்பு இருந்தது.
பொக்னா மூச்சு வாங்குவதுகூட இருந்தது.
கடைசி வரிசையில் யாரோ இருமியதும்.
அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தூக்க முடியாத ஒரே சாமான்
நான்.

ஒரு வாரம் ரோஷம்.
விரலை விட்டுப் பிளாஸ்டிக் வில்லையால் அடித்தேன்,
டிரெபிள் குமிழைக் கடைசிவரை திருகினேன்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தது போல
எனக்கே என்னைக் கேட்கச் சகிக்கவில்லை.
குமிழைப் பழைய இடத்துக்கே இறக்கினேன்.
தம்பிக்கு ஹெட்ஃபோன் வாங்கி அனுப்பலாமா என்று யோசித்தேன்.
அனுப்பவில்லை.

பிப்ரவரி, மறுபடி அதே மன்றம்.
வெளியே தண்டவாளம் தெரியாத அளவுக்குப் பனி.
மூன்றாவது பாட்டு மெதுவானது.
தடித்த தந்தி, மூன்றாம் மெட்டு,
ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு அடி.
அடித்தேன். விட்டேன்.

மதுமேசைக்குப் பின்னால் அலமாரியில்
குவளைகள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன.
அவற்றைக் கழுவிக்கொண்டிருந்த க்சவெரி
லாரி ஏதும் போகிறதா என்று ஜன்னலைப் பார்த்தார்.
தெரு காலி.
அடுத்த அடிக்கும் கிணுகிணுப்பு.
தோளில் கிடந்த துண்டை உருவி, நாலாய் மடித்து,
இரண்டு வரிசைக் குவளைகளுக்கு நடுவே செருகினார்.
மேடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
வேலையைத் தொடர்ந்தார்.

ஒரு சுற்று சும்மா விட்டேன்;
டிமோன் புருவத்தைத் தூக்கினான்.
பிறகு அதே தந்தி, அதே மெட்டு,
கொஞ்சம் அழுத்தியே:
துண்டு தாங்குகிறதா என்று பார்க்க.