மீதி தொண்ணூற்றொன்பது

இரவு இரண்டு மணிக்குக் கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் இயந்திரம் போடும் சத்தத்தில்
பக்கத்தில் நிற்பவன் இருமுவதுகூடக் கேட்காது.
அந்தச் சத்தத்துக்குள் நின்றுதான்
அரங்கசாமி அண்ணனிடம் முதல்முறை சொன்னேன்.

மூன்று வாரம் மனசுக்குள் ஒத்திகை.
போதகர் கொடுத்த கைப்பிரதி
ஸ்வெட்டர் பையில் நனைந்து கூழாகியிருந்தது.
லாரிக் கண்ணாடிக்கு மேலே காரமடை அரங்கநாதர்,
அன்றைக்குப் போட்ட சாமந்தி.
அவரைப் பார்த்துக்கொண்டே எப்படித் தொடங்குவது?
என் சாமி பெரிதென்றா?
வாயில் வரவில்லை.
வந்தது இதுதான்:

"கிரேனாப்பு செத்த வருஷம்
எமரால்டு அணைக்கரையில
செருப்பைக் கழட்டி வெச்சிட்டு நின்னேண்ணே.
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க.
திரும்பினா யாரும் இல்ல.
இருட்டுல செருப்பைத் தடவி எடுத்துப் போட்டுக்கிட்டு
வீட்டுக்கு வந்துட்டேன்."

நூறு ஆட்டில் ஒன்று தொலைந்த கதையையும் சொன்னேன்.
தேடிப் போனவர், தோளில் போட்டு வந்தது, எல்லாம்.

அண்ணன் பீடியைக் காலால் நசுக்கினார்.
"தார்ப்பாயை அந்தப் பக்கம் இழு" என்றார்.

மறுநாள் லாரி இரண்டு கொட்டகை தள்ளி நின்றது.
என்னாலா?
அங்கே சேறு குறைவு என்பதாலா?
ஒரு வாரம் டீ வாங்கித் தரவில்லை.
பிறகு வாங்கித் தந்தார்.
கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
டீதான் இருந்தது.

அவர் மனம் திரும்ப வேண்டுமென்று ஜெபித்தேன்.
பர்லியார் வளைவுகளில்
அவருக்குப் பிரேக் பிடிக்க வேண்டுமென்றும் ஜெபித்தேன்.
இரண்டாவதுதான் சுலபமாக வந்தது.

இங்கே எல்லா மூட்டையும்
விலை தெரியாமல்தான் மலை இறங்குகிறது.
மேட்டுப்பாளையத்தில் விடிந்த பிறகுதான் ஏலம்.
நாற்பதுக்கும் போகும், எட்டுக்கும் போகும்.
எட்டுக்குத்தான் போகும் என்று நினைத்து
யாரும் கேரட்டைப் பாதி கழுவி அனுப்புவதில்லை.
உடைந்தது, இரட்டைக்கால் விட்டதெல்லாம்
ஓரமாய்க் கொட்டுவோம்.
காட்டுமாடு வந்து தின்றுவிட்டுப் போகும்.
அதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

தையில், புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல்
உறைபனி விழுந்த ஒரு ராத்திரி,
இன்ஜினை ஓடவிட்டபடி ஜன்னலில் தலை நீட்டினார்.

"ஏனப்பா தேவசித்தம், ஒண்ணு கேக்கோணும்.
உங்காளு ஒரு ஆட்டைத் தேடிப் போனாரல்ல,
மீதி தொண்ணூத்தொம்பதை ஆரு பாத்துக்கிட்டது?
எங்கப்பன் ஆடு மேச்சவரு.
ஒண்ணைத் தேடிப் போன நேரத்துல
நாயி நாலைக் கடிச்சுப் போட்டிருச்சு.
அந்த வருசம்தான் என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்துனாங்க."

சிரித்தாரா, குளிரில் பல் தெரிந்ததா, சொல்ல முடியாது.
கியர் விழுந்தது.
சிவப்பு விளக்குகள் மூடுபனிக்குள் கரைந்தன.
கையில் குழாயைப் பிடித்தபடி நின்றேன்.
தண்ணீர் பூட்ஸுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சண்டே ஸ்கூல் காலத்திலிருந்து கேட்ட கதை.
எப்போதும் நான்தான் அந்த ஒரு ஆடு.
முள்ளில் மாட்டியிருப்பேன், கை வரும், தூக்கும்.
திரும்பி மந்தையைப் பார்த்ததே இல்லை.
ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரிடம் கேட்டேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
நெடுநேரம் துடைத்தார்.

அதனால் அண்ணன் அடுத்து வந்தால்
"தெரியலண்ணே" என்றுதான் சொல்லப்போகிறேன்.
அந்த நாலு ஆட்டுக்கும் பேர் இருந்ததா என்று கேட்பேன்.
அவர் சொல்லலாம்.
தார்ப்பாயை இழு என்றும் சொல்லலாம்.

பள்ளத்தில் ஒரு விளக்கு ஏறி வருகிறது.
அவர் வண்டியா என்று
அந்த வளைவு தாண்டும்வரை தெரியாது.
கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொள்கிறேன்.