உத்தேச எடை

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
கோபித்துக்கொண்டு போய் உட்கார
அதில் ஒரு மூலைகூடக் கிடையாது.

பதினோரு நாளாக
நானும் காவேரியப்பனும் பேசவில்லை.
நாகமரைத் துறையில் எல்லோருக்கும் தெரியும்,
ஐஸ் பெட்டி ஏற்ற வரும் வேன்காரப் பையனுக்குக்கூட.

விஷயம் ஒன்பது கிலோ.
ஒன்பது கிலோ கட்லா ஒன்றைச்
சங்கத்துத் தராசுக்குக் காட்டாமல்
யூரியாச் சாக்கில் சுருட்டி
பென்னாகரம் ரோட்டு ஓட்டலில் கொடுத்துவிட்டேன்.
மகளுக்கு பாலிடெக்னிக்கில் பரீட்சைப் பணம் கட்ட
செவ்வாய்க்கிழமை கடைசி.
சங்கத்தில் எடை போட்டால்
சனிக்கிழமைதான் காசு கைக்கு வரும்.

அவர் சங்கத்தில் இயக்குநர்.
இயக்குநர் என்றால் கூட்டத்தன்று
ஒரு டீ, இரண்டு பிஸ்கட், ஒரு கையெழுத்து.
அந்தக் கையெழுத்தின் மேல்
நான் சேற்றை வாரி அடித்துவிட்டேனாம்.
கடைசியாக அவர் சொன்னது அதுதான்.

பேசாமல் வலை விட்டுப் பாருங்கள், தெரியும்.
துடுப்பு என் கையில், கயிறு அவர் கையில்,
எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம்.
இழு, விடு, இடப்பக்கம்.
இந்த மூன்று சொல்லில்தான்
இருபது வருஷம் எங்கள் அடுப்பு எரிந்திருக்கிறது.
பேச்சு நின்றதும் பரிசல்
இருந்த இடத்திலேயே சுற்றுகிறது.
செருப்பை நறுக்கிக் கோத்த மிதவைகள்
ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்கின்றன.
ஒருநாள் இரண்டு கெளுத்தி.
ஒருநாள் ஒன்றுமே இல்லை.
ஒருநாள் யாரோ தொலைத்த ஹெல்மெட்,
அதற்குள் ஒரு நண்டு.

தண்ணீரும் எங்களைப் போலத்தான்.
மதகு திறந்த நாளிலிருந்து
தஞ்சாவூருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது,
இங்கே யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்.
சாயங்காலம் இடுப்பளவில் அடித்த முளை
விடிந்தால் சேற்றில் நிற்கிறது.
டீக்கடைப் பேப்பரில் எத்தனை அடி என்று
பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்,
தேய்த்தால் ஏறிவிடும் போல.
முன்பெல்லாம் வந்து எனக்கும் சொல்வார்: "எழுபத்தொண்ணு."
இப்போது கரையின் ஈரக்கோட்டைப் பார்த்து
நானே எண்ணிக்கொள்கிறேன்.

இன்று விடியற்காலை.
பண்ணவாடிப் பக்கம் நாலைந்து விளக்கு,
மலை இன்னும் கறுப்பு.
இருபது பாகம் இழுத்தும் வெறும் பாசி.
அப்புறம் கயிறு அவர் கையில்
ஒரு முறை "ம்" என்றது.

பாறையில் சிக்கினால் பரிசல் நிற்கும்,
முங்கிய மரத்தில் சிக்கினால் சாயும்.
இது எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது.
துடுப்பைக் குத்தி நிறுத்தினேன், அவர் சொல்லாமலே.
அவர் சாய்ந்த பக்கத்துக்கு எதிரே
என் கனம் மொத்தத்தையும் நகர்த்தி வைத்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் முதலில் வாய் வந்தது,
பிறகு சோற்றுத் தட்டு அகலத்துக்குத் தலை.
என் காலடியில் விழுந்து
வட்டிக்காரன் கதவைத் தட்டுவதுபோல
பரிசலைத் தட்டியது கட்லா.

மூச்சு வாங்கினார்.
செவுளில் விரல் விட்டுத் தூக்கினார்,
இறக்கினார், மறுபடி தூக்கினார்.
தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்:
"எட்டு இருக்கும்."

நானும் தூக்கிப் பார்த்தேன்.
"ஒம்போது."
"போன தடவையும் ஒம்போதுன்னே.
யாரு எடை போட்டா?"

ஓட்டல்காரன் போட்ட எடை.
நான் வாயைத் திறக்கவில்லை.

தூரத்தில் சங்கத்து டியூப்லைட் தெரிந்தது.
அதற்கு இந்தப் பக்கம்,
மேட்டில் ஏறி பென்னாகரம் போகும் பாதை.
யூரியாச் சாக்கு அவர் காலடியில் கிடந்தது,
அதை நான் கொண்டுவரவில்லை.

"இடப்பக்கம்," என்றார்.

யாருடைய இடப்பக்கம் என்று
நான் கேட்கவில்லை.