பின்பலகையின் உயரம்

பஞ்சிகாவத்தையில் மழை விட்டுப் பத்து நிமிஷம்.
ஜுனைதீன் முதலாளி தார்ப்பாயை இழுக்க
அதில் தேங்கியிருந்த தண்ணீர் முழுக்க
என் சப்பாத்துக்குள் போனது.
உள்ளே பெட்ஃபோர்ட். ஆமி லொறி.
அறுபத்தொன்றில் கப்பலால் இறங்கியது என்றார்.
அறுபத்து நாலு என்றது பித்தளைத் தகடு.
இந்தத் தெருவில் மூன்று வருஷத்தைப்
பொய்யென்று யாரும் சொல்வதில்லை.

என் பையில் சோக்கட்டி, காந்தம், டோர்ச்,
பல்வைத்தியர் வைத்திருப்பதுபோல் ஒரு சின்னச் சுத்தியல்.
சேஸி இலக்கத்தின் மேல் சோக்கைத் தேய்த்தேன்.
ஏழு எழும்பியது. மூன்று எழும்பியது.
கடைசி இலக்கம் எட்டா பூச்சியமா என்று
துரு இன்னும் முடிவெடுக்கவில்லை.

வாங்க வந்தவர் ஷெவந்த.
கல்கிசைக் கரையில் கோப்பிக் கடை போடப்போகிறார்,
இந்தப் பின்பெட்டிக்குள், மின்குமிழ் மாலை தொங்கவிட்டு.
முப்பது வயதிருக்காது. நல்ல பிள்ளை.
எனக்கும் சேர்த்துப் பிளேன்டீ சொல்லியிருந்தார்.

பியதிலக பாஸ் கார்புரேட்டருக்குள் பெற்றோல் ஊற்றினார்.
சாவித் துவாரத்தில் ஸ்க்ரூ ட்ரைவர்.
ஆறு சிலிண்டரில் ஐந்து இருமிக்கொண்டு எழுந்து
ஆறாவதை உதைத்து எழுப்பின.

பெயின்டை நகத்தால் சுரண்டினேன்.
மேலே போன கிழமைப் பச்சை.
கீழே மஞ்சள், யாரோ கொங்கிரீட் கல் ஏற்றிய காலம்.
அதற்கும் கீழே ஒரு நீலம், ஏனென்று தெரியவில்லை.
அடியில்
அந்தப் பச்சை.

"வெடி பட்ட ஓட்டை, சேர். ஒரிஜினல்."
இடது கதவில் மூன்றைத் தொட்டுக் காட்டினார் முதலாளி.
"ஓட்டைக்கு மட்டும் ரெண்டு லட்சம் கூட."
விரலை உள்ளே விட்டேன்.
சில்லறைக் காசின் விளிம்புபோல் வட்டம்.
பன்னிரண்டு மில்லிமீற்றர் ட்ரில்.
இரும்புச் சீவல் ஒன்று சுருண்டபடி
இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

வலது கதவில் காந்தத்தை ஓடவிட்டேன்.
ஓடி வந்து, ஓரிடத்தில் விழுந்தது.
எடுத்து வைத்தேன். விழுந்தது.
சுத்தியலால் தட்ட, பலகைச் சத்தம்.
பட்டி.
ஐந்து இடம், சாய்வாக, ஒரு சாண் நீளத்துக்குள்.
கல் ஏற்றியவர் அடைத்திருப்பார்
தூவானம் மடியில் விழுகிறதென்று.

"உண்மையான ஓட்டை இருந்தால் விலை கூடுமா?"
ஷெவந்த சிங்களத்தில் கேட்டார்.
சேகரிக்கிறவர்களுக்குக் கூடும் என்றேன்.
வலது கதவு, பட்டி, ஐந்து இடம் என்று எழுதினேன்.
பட்டி என்றால் விலை குறையும்.
குறைத்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
பின்பலகை, தரையிலிருந்து உயரம்.
நாடாவைத் தேடவில்லை. எழுதிவிட்டேன்.
பத்தொன்பது வயதில் அது நெஞ்சுக்கு வரும்.
ஏறு என்றால் முழங்காலை முதலில் போட வேணும்.
கை இரண்டும் பிடரியில் என்றால் அதுவும் சரிவராது,
முன்னமே ஏறின ஒருவர்
சேர்ட்டில் பிடித்து இழுக்க வேணும்.
வெள்ளவத்தை. செவ்வாய், விடியமுன்.
என்னைச் சனி பின்னேரம் விட்டார்கள்.
இழுத்தவரின் பெயரை நான் கேட்கவில்லை.

"அளக்கல்லியா?" என்றார் முதலாளி.
ஷெவந்த நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்.
நாலடி இரண்டங்குலம்.
என் தாளை எட்டிப் பார்த்தார்.
"அனுபவம்" என்றார், மரியாதையோடு.

கடைசியில்
இருபத்தாறு இலட்சத்து ஐம்பதாயிரம்.
"ஓட்டைக்கு ஒண்டும் போடல்லியே, சேர்?"
ட்ரில் கூலி முந்நூறு போட்டிருக்கிறேன் என்றேன்.
ஜுனைதீன் முதலாளி சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கடைப் பெடியன்களும் வந்துவிட்டார்கள்.

பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.
ஒப்பம் வைக்கமுன், குறிப்பு என்ற கட்டத்தில்
ஒரு வரி சேர்த்தேன்:

பின்னுக்குப் படி வைக்க வேண்டும்.
மூன்று படி. இரண்டு பக்கமும் கைபிடி.