மூன்று கால் காட்டெருமை

வடக்கு டகோட்டா, மைனாட் நகரம்.
அன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தாறு.
லியோனா ஷ்மால்ட்ஸ் பூட்ஸை உதறிவிட்டு உள்ளே வந்து
கையுறையைக் கழற்றாமலே
மாத்திரை டப்பா ஒன்றை என் பச்சைத் துணிமேல் வைத்தார்.
வெள்ளிக்கிழமைக்கான அறையில் இருந்தது
ஐந்து சென்ட்.

முப்பத்தேழாம் வருடத்து டென்வர்க் காசு.
ஒரு பக்கம் பூர்வகுடி முகம்.
மறுபக்கம் காட்டெருமை,
முன்னங்கால்களில் ஒன்று இல்லாமல்.

அப்படியொரு காசு நிஜமாகவே உண்டு.
அச்சுச்சாலையில் எவனோ ஒருவன்
சிராய்த்துப்போன அச்சை மெருகேற்றப் போய்க்
கை கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டது.
மிருகத்துக்குக் கால் போனது,
விலைக்குக் கால் முளைத்தது.
அதே வேலையை வீட்டில் அரத்தோடு செய்தால்
செல்லாக்காசு என்றுகூடச் சொல்ல முடியாது.
ஐந்து சென்ட்டுக்குச் செல்லும்.

விளக்கைச் சாய்த்தேன்.
அடித்த உலோகத்தில் வெளிச்சம்
சக்கரம்போல் தடங்கலின்றி உருளும்.
இங்கே தோள்பட்டை தாண்டியதும் நொண்டியது.
பத்து மடங்கு லென்ஸில்
இணையிணையாகக் கோடுகள், அரத்தின் பற்கள்.
அவற்றின்மேல் ஏதோ பசை, புகைக்கரி.
கேட்டேன், தலையசைத்தார்,
அசிட்டோன் தொட்டு ஒற்றினேன்.
பஞ்சு பழுப்பானது.

அசலில் வயிற்றுக்கு அடியிலிருந்து
பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை இறங்கும்,
எருமை மூத்திரம் போவதுபோல.
(தொழிலில் அப்படித்தான் சொல்வோம்.
லியோனாவிடம் சொல்லவில்லை.)
இதிலும் இருந்தது அந்த வரிசை.
ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
காசைத் திருப்பினேன்.
நிழல் தவறான பக்கம் விழுந்தது.
மேடாக இருக்க வேண்டியவை குழிகள்.
ஊசியால் குத்தியிருக்கிறான்.
எண்ணினேன், ஒன்பது.

"அறுபத்து மூணுல," என்றார்,
"எங்கப்பாகிட்ட இதைக் காட்டித்தான்
பொண்ணு கேட்டார் வெண்டலின்.
நிலம் இல்ல, டிராக்டர் இல்ல, இது இருக்குன்னு.
அப்பா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துட்டு
சரின்னார்.
அம்பத்தாறு வருஷம்.
ஆலங்கட்டியில கோதுமை மொத்தமும் போன வருஷம்
இதை வித்துடலாமான்னு கேட்டேன்.
வெளியே போய் சிகரெட் பிடிச்சார்."

என் படிவத்தில் கட்டங்கள் குறைவு.
அசல். போலி. மேற்பரப்பு மாற்றப்பட்டது.
மூன்றாவதில் குறியிட்டு நகர்த்தினேன்.
அவர் அதைப் பார்க்கவே இல்லை.
"தெரியும். அந்தக் குளிர்காலம்
வீட்டு அரம் காணாமப் போச்சுன்னு
அவங்கம்மா கடைசிவரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க.
நான் கேக்க வந்தது வேற.
வேலையை நல்லா செஞ்சிருக்காரா?"

அதற்குக் கட்டம் இல்லை.
மறுபடி லென்ஸை எடுத்தேன்.

குளம்பை விட்டுவைத்திருந்தார்.
நிலத்தோடு ஒட்டி, மேலே காலில்லாத குளம்பு,
அசலில் இருப்பதுபோலவே.
அவசரக்காரர்கள் அதையும் சேர்த்து வழித்துவிடுவார்கள்.
முழங்கால் இருந்த இடத்துக்குக் கீழே அரத்தை நிறுத்தி
உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்,
ஓரிரவு வேலை அல்ல.
ஒன்பதாவது குழி மற்றவற்றைவிட ஆழம்.
கை நடுங்கியிருக்கலாம்.
இல்லை, மறுநாள் காலை
அவர் அப்பாவைப் பார்க்கப் போக வேண்டியிருந்திருக்கலாம்.

"குளம்பு நன்றாக வந்திருக்கிறது" என்றேன்.

முப்பது டாலர் கட்டணம்.
எண்ணிக் கொடுத்தார், ரசீது கேட்டு வாங்கினார்,
காசை வெள்ளிக்கிழமைக்குள் போட்டு மூடினார்.

அந்தப் பழுப்புப் பஞ்சைக் குப்பையில் போடாமல்
சாப்பாட்டு நேரம்வரை
மேஜை ஓரத்திலேயே வைத்திருந்தேன்.